நாற்பதுக்கு ஒன்பது குறைகிறது

மூன்றாவது முறை எண்ணியபோதும் முப்பத்தொன்றுதான் வந்தது.

"என் கடையை விட்டுட்டீங்க தம்பி," என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். வீதி வணிகர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

"உங்க கடைலேருந்துதான் எண்ணவே ஆரம்பிச்சேன்."

"அப்ப உங்களுதை விட்டிருப்பீங்க. எண்ற ஆளுக்குத் தன் கடை கண்ணுல படாது."

பூட்டுக்காரர் தன் கடையையும் எண்ணியிருந்தார். சங்கத்துக்குச் செயலாளர் அவர். வயது முப்பத்துமூன்று. பட்டம் வாங்கிவிட்டுப் பூட்டுத் திறக்க வந்த ஒரே ஆள் என்பதால் மனு எழுதுகிற வேலை முழுவதும் அவர் தலையில் விழுந்திருந்தது.

வீதியில் மொத்தம் நாற்பது கடைகள். அவற்றில் ஒன்பது மூடிக்கிடந்தன. அவை எப்போது மூடின என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு நாள் ஷட்டர் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. பிறகு அது ஏறாதது கண்ணுக்குப் பழகிவிட்டது.

எண்ண வேண்டிய அவசியம் ஒரு கடிதத்தால் வந்தது. சிறு கடைகளைக் காப்பாற்ற அரசாங்கம் ஒரு திட்டம் வைத்திருந்தது. 'சிறுவணிக வீதி' என்று அங்கீகாரம் கிடைத்தால் ஏழு உரிமம் ஒரே உரிமமாகும். மின்சாரத்துக்குச் சிறுகடைக் கட்டணம். இரண்டு வருட அவகாசம் கொடுக்காமல் யாரையும் கடையை விட்டு எழுப்ப முடியாது. அங்கீகாரம் இல்லாவிட்டால், வீதிமுனையில் எழும்பிக்கொண்டிருந்த ஏழு மாடிக் கடைக்கு வருகிற கார்கள் நிற்க இந்த வீதியின் ஒரு பக்கம் போய்விடும். பூட்டுக் கடை அந்தப் பக்கத்தில் இருந்தது.

அங்கீகாரத்துக்கு நாற்பது கடை நடப்பில் இருக்க வேண்டும். நாற்பதை இருபத்தைந்தாகக் குறைக்கச் சொல்லி பூட்டுக்காரர் மனு எழுதியிருந்தார். எட்டு மாதம் கழித்து, கடைகளை எண்ண ஆள் வரும் தேதியோடு பதில் வந்திருந்தது.

"'எண்ணிக்கையைக் குறைக்கக் கோரும் மனுக்கள், அங்கீகாரம் பெற்ற சிறுவணிக வீதிகளிடமிருந்து மட்டுமே பரிசீலிக்கப்படும்,'" என்று வாசித்தார்.

"அங்கீகாரம் வாங்க என்ன வேணும்?"

"நாற்பது கடை."

"நாற்பது இருந்தா நாம ஏன் குறைக்கச் சொல்லிக் கேக்கப்போறோம்?"

"அதையும் எழுதிக் கேட்டிருந்தேன். அந்தக் கேள்வியையும் அங்கீகாரம் வாங்கின வீதிதான் கேக்கணுமாம்."

தலைவர் ஜெராக்ஸ் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றினார். இயந்திரம் வெறுமையை ஒரு நகல் எடுத்து வெளியே தள்ளியது.

"எண்ண எப்ப வராங்க?"

"வியாழக்கிழமை. பதினோரு மணிக்கு. ஆய்வாளர் ஒருத்தர்."

"வர்றவர் கடை திறந்திருக்கா, உள்ள ஆள் இருக்கான்னு பாப்பாரு. வேற என்ன பாக்கப்போறாரு?" தலைவர் குரலைத் தாழ்த்தினார். "ஒன்பது ஷட்டர் தம்பி. நீங்க பூட்டுக்காரர்."

"அது பொய் அண்ணே."

"பொய்தான். நாற்பதுன்னு ஒருத்தர் மேசைல உக்காந்து எழுதினாரே, அது மட்டும் உண்மையா? முப்பத்தொன்பதுல ஒரு வீதி செத்துடுமா? உள்ள போய் இதையெல்லாம் கேளுங்க. ஆனா மொதல்ல உள்ள போகணும்."

பூட்டுக்காரர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கடை போனால் அவருக்குப் போக்கிடம் வேறு கிடையாது. வீடு இருந்தது. வீட்டில் அவர் தூங்க மட்டும் செய்தார்.

*

சொந்தக்காரர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் திறப்பது என்று பூட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தார். எட்டு எண்களைத் தேடிப் பிடித்தார். ஐந்து பேர் சரி என்றார்கள். இரண்டு எண்கள் அடித்துக்கொண்டே இருந்தன; அவர்களிடம் கேட்டாயிற்று என்று வைத்துக்கொண்டார். எட்டாவது, கடிகாரக் கடைக்காரருடையது. ஒரு பெண் எடுத்தார்.

"அவர் இருக்காருங்களா?"

"இல்லையே."

"எப்ப வருவாரு?"

"அவர் போய் மூணு வருஷம் ஆச்சுங்க."

பூட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"திறங்க," என்றார் அந்தப் பெண். "யாராவது வந்து அவரைக் கேட்டா, இதோ வந்துடுவாருன்னு சொல்லுங்க. அவர் கடைல இல்லாதப்ப நான் அப்படித்தான் சொல்லுவேன்."

திங்கட்கிழமை நண்பகலில் திறந்தார்கள். வெயில் நட்டநடு வீதியில் நின்றது. நிழல் எதற்கும் இல்லை. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொன்றும் ஏறும்போது உள்ளேயிருந்து ஒரு மூச்சு வெளியே வந்ததை எல்லோரும் உணர்ந்தார்கள்.

"அடைச்சு வெச்ச காத்து," என்றார் செருப்புக் கடைக்காரர்.

"காத்துக்கு எப்படிங்க வெத்தல வாசனை வரும்?" என்றார் தலைவர்.

கடிகாரக் கடையில் எல்லாக் கடிகாரங்களும் நின்றிருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில். மேசைமேல் மடித்த செய்தித்தாள், அதன்மேல் ஒரு மூக்குக் கண்ணாடி. குறுக்கெழுத்துப் போட்டியில் பாதிக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. தையல் கடையில் பாதி வெட்டிய துணிக்குள் கத்தரிக்கோல் வாய் பிளந்தபடி கிடந்தது. போட்டோ ஸ்டூடியோவில் முன்பின் தெரியாத நாற்பது பேர் சுவரிலிருந்து பார்த்தார்கள்.

"இவங்க எல்லாம் வந்து வாங்காத போட்டோவா?" என்று கேட்டார் தலைவர்.

"வந்து வாங்கியிருந்தா இங்க ஏன் இருக்காங்க?"

"கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைங்களேன். எண்றதுல குழப்பம் வந்துடப்போவுது."

எட்டுக் கடைகள் திறந்தாகிவிட்டன. ஒன்பதாவது கடைக்கு முன்னால் பூட்டுக்காரர் சாவியோடு நின்றார். இதற்கு அனுமதி கேட்க எண் ஏதும் இல்லை. அது பட்டன் கடை. ஜிப், லேஸ், நூல், ஊசி, கொக்கி. அவருடைய மனைவி நடத்தியது. இரண்டு கடைகளுக்கும் இடையே ஒரே சுவர். அதில் ஒரு அடிக்கு ஒரு அடி சின்ன ஜன்னல். முன்பு அந்த ஜன்னல் வழியாகச் சில்லறையும் தேநீரும் போய்வந்தன. அவள் போனதிலிருந்து, இரண்டு வருடமாக அதை ஒரு பலகை மூடியிருந்தது. பலகையில் சாவிகள் தொங்கின.

"வேணாம்னா விட்டுடுங்க தம்பி," என்றார் தலைவர். "முப்பத்தொன்பதோட..."

அவரே நிறுத்திக்கொண்டார்.

பூட்டுக்காரர் திறந்தார். அந்தப் பூட்டு மட்டும் துருப்பிடித்திருக்கவில்லை. மாதம் ஒருமுறை அவர் அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூட்டு கெட்டுப்போகும் என்று சொல்லியிருப்பார்.

*

திறந்த பிறகுதான் பிரச்சினை தெரிந்தது. கடைகளில் சரக்கு இல்லை. இருந்ததும் பழுப்பேறிக் கிடந்தது.

"ஆளுக்குக் கொஞ்சம் குடுப்போம்," என்றார் தலைவர். "ஒரே ஒரு நாள்தானே."

குடைக் கடைக்குத் துணிக்கடையிலிருந்து குடைகள் போயின. பொம்மைக் கடைக்குப் பாத்திரக் கடை தன்னிடமிருந்த பளபளப்பான சின்னச் சொப்புகளைக் கொடுத்தது. ரேடியோ பழுது பார்க்கும் கடைக்கு மின்சாமான் கடைக்காரர் தன் அலமாரியில் பாதியைத் தூக்கிவந்து வைத்தார். தன் கடையை வருடக்கணக்கில் துடைக்காதவர் ரேடியோ கடையின் கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார்.

"உங்க கடையை இப்படித் துடைச்சு நான் பாத்ததில்லையே," என்றார் பூட்டுக்காரர்.

"என் கடையை யாரு எண்ணப்போறாங்க? அது நிஜக் கடை."

கடிகாரக் கடையில் ஏதாவது சுழன்றால் பழுது வேலை நடப்பதுபோல் இருக்கும் என்று தலைவர் சொன்னார். சாவி வெட்டும் இயந்திரத்தைப் பூட்டுக்காரர் கழற்றிக் கொடுத்தார். மேசை விளக்கையும் கொடுத்தார். மின்விசிறியும் முக்காலியும் ஸ்டூடியோவுக்குப் போயின.

அடுத்து ஆள் இல்லை. திறந்த கடையில் யாராவது உட்கார வேண்டும். வியாபாரத்தில் கைகொடுக்கிற மனைவிமார், மைத்துனர்கள், தங்கைகள் ஒன்பது கடைகளுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். தலைவரின் மச்சான் கடிகாரக் கடைக்கு. செருப்புக் கடைக்காரரின் தங்கை தையல் கடைக்கு.

பட்டன் கடைக்கு யார் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பூட்டுக்காரரின் மாமியார் வந்து நின்றார். கையில் ஒரு பையும் ஒரு தண்ணீர் பாட்டிலும்.

"நான் உக்காரறேன் மாப்பிள்ளை."

"வேணாம் அத்தை. முழங்கால் வலின்னீங்களே."

"வலி உக்காந்தா இல்லை, நடந்தாதான். அந்த நாற்காலில வேற யாரையாவது பாக்க உங்களால முடியுமா?"

"முடியாது."

"என்னாலயும் முடியாது. அப்ப நகருங்க."

அவர் உள்ளே போய் நாற்காலியை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்திப் போட்டார். அது எப்போதும் இருந்த இடம். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று பூட்டுக்காரர் யோசித்தார். மகள் கடையில் இருந்தவரைக்கும் அவர் இங்கே வந்ததே இல்லை. மகள் பூட்டுக்காரனைக் கட்டிக்கொண்ட கோபம் அது.

*

செவ்வாய் மாலைக்குள் வீதி வேறு மாதிரி ஆகிவிட்டது.

கடிகாரக் கடைக்கு ஒரு பெண்மணி வந்தார். ஏற்பாட்டில் வந்தவர் இல்லை. நான்கு வருடத்துக்கு முந்தைய ரசீதை நீட்டி, சுவர்க் கடிகாரம் தயாரா என்று கேட்டார். தலைவரின் மச்சான் ரசீதை வாங்கிப் பார்த்தார். அலமாரியைத் திறந்தார். அதே எண் எழுதிய பொட்டலம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. பிரித்தால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பாட்டரி யாரு போட்டது?" என்று பிறகு தலைவர் விசாரித்தார்.

"நீங்கதான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன் மாமா."

"அந்தம்மா என்ன கேட்டாங்க?"

"அவர் எங்கேன்னு கேட்டாங்க. உள்ள இருக்காருன்னுட்டேன். பயத்துல வந்துடுச்சு."

"சரி, விடு."

"உள்ளேருந்து இருமல் கேட்டுது மாமா. அந்தம்மா உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

இருமியது யார் என்று வீதி முழுக்கக் கேட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் பெயரைச் சொன்னார்கள். மேசைமேல் இருந்த குறுக்கெழுத்து முடிந்திருந்தது. பொழுது போகாமல் தானே எழுதினதாக மச்சான் சொன்னார். முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒரே கையெழுத்தில் இருந்தன.

தையல் கடையில் செருப்புக் கடைக்காரரின் தங்கை அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பாதி வெட்டிய துணி முழு ரவிக்கையாகித் தொங்கியது.

"உனக்குத் தைக்கத் தெரியுமா?" என்று கேட்டார் அண்ணன்.

"தெரியாதுண்ணா."

"அப்புறம்?"

"பாதியில இருந்துது. தைச்சேன்."

அவள் சொன்ன விதத்தில் அவர் இரண்டடி பின்னால் போனார். ஒரு ஊசி வாயில் இருந்தது. அதை எடுக்காமலே பேசியிருந்தாள். பழைய தையல்காரரும் அப்படித்தான் பேசுவார்.

புதன்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். கடை உண்டு, சரக்கு உண்டு, ஆள் உண்டு. வாங்க ஆள் இல்லை.

"கடைக்கு மூணு பேராவது நிக்கணும்," என்றார் தலைவர். "அவங்கவங்க வாடிக்கைக்காரங்களை அனுப்பி வைங்க."

பூட்டுக்காரருக்கு நிலையான வாடிக்கைக்காரர் ஒருவர்தான். ஓய்வுபெற்ற தபால்காரர். வாரம் ஒரு முறை சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருவார். அவரிடம் நாளைக்கு ஸ்டூடியோவில் போய் நிற்கச் சொன்னார்.

"படம் எடுப்பாங்களா?"

"எடுக்கத் தெரிஞ்ச ஆள் இல்லைங்க. வெளிச்சம் மட்டும் அடிப்பாங்க."

"பரவாயில்லை. யாராவது என்னை உக்கார வெச்சு நேராப் பாருங்கன்னு சொல்லி ரொம்ப நாளாச்சு."

முப்பத்தொரு கடைக்காரர்களுக்கும் தலைவர் தனியாக அறிவுரை சொன்னார். "யாரும் கூவாதீங்க. வாங்க வாங்கன்னு கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. பேரம் வேணாம். அதிகாரி கேட்டா மட்டும் பதில். சாதாரணமா உக்காருங்க."

"சாதாரணமான்னா எப்படி?" என்று கேட்டார் செருப்புக் கடைக்காரர்.

"தினமும் எப்படி உக்காருவீங்க?"

"யோசிச்சதில்லையே."

யோசித்துப் பார்த்ததும் யாருக்கும் உட்கார வரவில்லை. ஒருவர் கையைக் கட்டினார். ஒருவர் கல்லாமேல் வைத்தார். பாத்திரக் கடைக்காரர் சிரித்துப் பார்த்தார். தலைவர் அதை நிறுத்தச் சொன்னார். கடைசியில் எல்லோரும் முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, எதிர்ச்சுவரைப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று.

அன்று வீடு திரும்பும்போது பூட்டுக்காரர் வீதியின் நடுவில் நின்று பார்த்தார். ஒன்பது கடைகளில் சத்தம் இருந்தது. ஏற்பாடு செய்யாத முகங்களும் உள்ளே போய்வந்தன. எங்கிருந்தோ பழைய ரசீதுகள் வந்துகொண்டிருந்தன. இந்த ஒன்பது கடைகளும் மூடியே இருந்ததில்லை என்பதுபோல் அவர்கள் பேசினார்கள்.

"வழக்கமா உக்காருவாரே, அவர் எங்கே?" என்று குடைக் கடையில் ஒருவர் கேட்டார்.

"இதோ வந்துடுவாரு," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

*

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஜீப் வீதிமுனையில் நின்றது. ஓட்டுநர் ஜீப்பிலேயே இருந்துகொண்டார். ஆய்வாளர் இறங்கினார். ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு பேரேடு. காலணி தரையில் பட்ட சத்தமே கேட்கவில்லை. தலைவர் கூடவே நடந்தார்.

பூட்டுக்காரர் தன் கடையில் உட்கார்ந்திருந்தார். முக்காலி இல்லாததால் ஒரு கவிழ்த்த பெட்டிமேல். விளக்கு இல்லை. இயந்திரம் இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள். சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். எந்தப் பூட்டுடைய சாவியும் இல்லை அது. ராவ ராவப் பற்கள் போய் வழவழப்பாகிக்கொண்டிருந்தது.

ஆய்வாளர் வந்து நின்றார். பூட்டுக்காரரைப் பார்த்தார். துணிக்கடை வாசலில் நிறுத்தியிருக்கும் பொம்மையைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். குனிந்து கையைப் பார்த்தார். பேரேட்டில் எழுதினார்.

பேசக் கூடாது என்பது தலைவரின் கட்டளை. ஆனால் எட்டு மாதம் காத்திருந்த வார்த்தைகள் தொண்டைக்கு வந்துவிட்டன.

"ஐயா, ஒண்ணு சொல்லலாமா?"

ஆய்வாளர் பேனாவை நிறுத்தினார்.

"நாற்பதுங்கற கணக்கு பெரிய வீதிக்குச் சரி. ஆதரவு வேண்டியது சின்ன வீதிக்குத்தான். நல்லா இருக்கற வீதிக்குப் பாதுகாப்பு, நலிஞ்ச வீதிக்கு ஒண்ணுமில்லைன்னா அது எப்படிங்க திட்டம்? ஏழு உரிமத்துக்கு ஏழு ஜன்னல்ல நிக்கறேன். அன்னிக்குக் கடை மூடித்தான் இருக்கும். எனக்குப் பதிலா உக்கார ஆள் இல்லை. ஏழு மாடிக் கடைக்கு வரிசைல நிக்கவே ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வெச்சிருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம். இருபத்தஞ்சுன்னு குறைச்சா இந்த மாதிரி முந்நூறு வீதி பிழைக்கும். சலுகை கேக்கலைங்க. நாங்க தினமும் கடை திறக்கறோம். அதை எண்ணுங்கன்னுதான் கேக்கறோம்."

அவர் இவ்வளவு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. குரல் வேறு யாருடையதோபோல் காதில் விழுந்தது. முகம் அசையாமல் பேசியிருந்தார். கைகள் முழங்கால்மேல் இருந்தன. கண் எதிர்ச்சுவரில்.

ஆய்வாளர் முழுவதையும் கேட்டார். பிறகு தலைவரிடம் திரும்பினார்.

"நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க," என்றார்.

பூட்டுக்காரர் மறுபடி அரத்தை எடுத்தார்.

பக்கத்துக் கடைக்கு அவர்கள் போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது. பலகையில் தொங்கிய சாவிகள் லேசாக ஆடின.

"தள்ளி நில்லுங்க சார், வெளிச்சத்தை மறைக்கறீங்க," என்றது மாமியாரின் குரல். "அந்தம்மாவுக்கு ஆறு கொக்கி எண்ணிக் குடுத்துட்டு வரேன். உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். நான் அரசாங்க..."

"ஒண்ணும் வேணாமா? கையைக் காட்டுங்க. மணிக்கட்டுப் பட்டன் இன்னிக்கோ நாளைக்கோன்னு தொங்குது. வீட்டுல யாரும் பாக்கறதில்லையா? அதே வெள்ளைல இருக்கு. இல்லை, அது வேற வெள்ளை. பழுப்பு வெள்ளை. இருங்க."

"அம்மா, நேரமாச்சு..."

"ஊசி கிட்ட இருக்கறப்ப கையை ஆட்டாதீங்க."

கொஞ்ச நேரம் நூல் இழுபடும் அமைதி. பிறகு ஆய்வாளர் சிரித்தார். கூட நின்ற பெண்களும் சிரித்தார்கள். பூட்டுக்காரர் அரத்தை நிறுத்தினார். அந்தச் சுவருக்கு அப்பால் யாரோ சிரிப்பதைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் போட்டார். கணக்கு வந்தது. அதைத் தள்ளி வைத்தார்.

பலகையை எடுத்துவிட்டால் முகம் தெரியும். அவர் எடுக்கவில்லை. யாருடைய முகம் தெரியும் என்று அவருக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

*

ஒரு மணிக்கு எண்ணி முடிந்தது. ஆய்வாளர் எல்லாக் கடைக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தார் என்று தலைவர் ஓடிவந்து சொன்னார்.

"கடிகாரக் கடைல தன் கைக்கடிகாரத்தைக் கழட்டிக் குடுத்தாரு தம்பி! மச்சான் திறந்து ஊதினான். ஓடுது! தையல் கடைல அளவு குடுத்திருக்காரு. ஸ்டூடியோல உங்க தபால்காரரோட சண்டை போட்டு முன்னாடி போய் உக்காந்துட்டாரு. ஒன்பதுல ஒண்ணு மேலயும் அவருக்குச் சந்தேகம் வரலை."

"நம்ம கடைங்கள்ள?"

"அதுல என்ன இருக்கு? நிஜக் கடைதானே. பாத்தாரு, எழுதினாரு, போயிட்டே இருந்தாரு. செருப்புக் கடைக்காரர் அசையவே இல்லை. அவ்வளவு சாதாரணமா உக்காந்திருந்தாரு. கண்ணு கூடச் சிமிட்டலை."

தலைவருக்குக் கண் கலங்கியிருந்தது. பூட்டுக்காரரின் தோளில் தட்டினார். "உள்ள போயிட்டோம் தம்பி. அடுத்த மனுவை எழுத ஆரம்பிங்க. இருபத்தஞ்சுன்னு எழுதாதீங்க. இருபதுன்னு எழுதுங்க."

அங்கங்கே கைதட்டல் கேட்டது. செருப்புக் கடைக்காரர் இன்னும் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டது, எழுந்திருங்கள் என்று இரண்டு பேர் உலுக்கினார்கள். மூன்றாவது உலுக்கலில் அவருக்கு உடம்பு நினைவு வந்தது.

இனி ஒன்பது ஷட்டரையும் இறக்க வேண்டும். அனுமதி கேட்டது வியாழன் வரைக்கும்தான். பூட்டுக்காரர் நீளக் கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தையல் கடைத் தங்கை எழ மறுத்தாள். சனிக்கிழமைக்குள் ஐந்து துணி தைத்துத் தர வேண்டுமாம். கடிகாரக் கடை மச்சான், அவர் வந்ததும் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். எவர் என்று பூட்டுக்காரர் கேட்கவில்லை.

"அத்தை, கிளம்பலாமா?"

மாமியார் கொக்கிகளை ஆறு ஆறாக அட்டையில் குத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நாலு மணிக்கு ரெண்டு பேர் வரேன்னிருக்காங்க மாப்பிள்ளை. நீங்க போய்ச் சாப்பிடுங்க. மொகம் செத்துக்கிடக்கு."

பூட்டுக்காரர் வீதிக் கடைசியிலிருந்த குடைக் கடையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நடந்தார். ஷட்டரில் கொக்கியை மாட்டும்போது ஜீப் திரும்பி வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டுநர் மட்டும் இறங்கினார்.

"அண்ணே, இந்தப் பட்டன் கடை எங்க இருக்கு? எங்க சார் பேனாவை அங்கயே வெச்சுட்டாராம். அடுத்த மாசம் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரேன்னு அந்தம்மாகிட்ட சொல்லச் சொன்னாரு."

பூட்டுக்காரர் வழி காட்டினார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"சார் எழுதிட்டாருங்களா? நாற்பதும் சரிதானே?"

"நாற்பதா?" ஓட்டுநர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "ஒன்பதைத் தனியாக் குறிச்சிருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

பூட்டுக்காரர் கொக்கியைக் கழற்றினார். ஷட்டர் கடகடவென்றது.

"அப்ப அந்த ஒன்பதைக் கண்டுபிடிச்சிட்டாரா?"

"இருபது வருஷமா எண்றவராச்சே, கண்டுபிடிக்க மாட்டாரா? இந்த ஒன்பதுதான் நிஜக் கடை, மத்த முப்பத்தொன்னும் சும்மா இன்னிக்காகத் திறந்து வெச்ச டப்பா, அதுலயும் அந்தப் பூட்டுக் கடைல ஒருத்தனைப் பிடிச்சு உக்கார வெச்சிருந்தாங்க பாரு, பாவம், அவனுக்கு உயிரோட இருக்கற மாதிரி நடிக்கவே வரலைன்னாரு."